வண்டிக்கும் ட்ரெயிலருக்கும் பொருத்தம் பார்த்தல்: கேள்வி பதில்

ஒன்ராறியோவில் குளிர் விலகியதும், அல்கொன்குவின், கில்பெயார் போன்ற பூங்காக்களுக்கு ட்ரெயிலருடன் போக விரும்பும் நம்மவர்கள் என்னிடம் பல கேள்விகளை அனுப்புகிறார்கள். பெரும்பாலானவை "என் வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்றே தொடங்குகின்றன. அதற்கு முன்னர் "என் வண்டி எவ்வளவு சுமக்கும்?" என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை முதல் பதிலிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கேள்வி (ஸ்காபரோ): எங்களிடம் 2022ஆம் ஆண்டு ரொயோட்டா சியன்னா வான் உள்ளது. 3,500 இறாத்தல் வரை இழுக்கலாம் என்று கையேடு சொல்கிறது. வெற்று எடை 2,900 இறாத்தலும் மொத்த எடை வரம்பு 3,500 இறாத்தலும் கொண்ட ட்ரெயிலர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். நாங்கள் இருவர், அம்மா, மூன்று பிள்ளைகள். வாங்கலாமா அண்ணா? சாரதிக் கதவோரத்து ஸ்டிக்கரில் 520 கிலோ என்று இருக்கிறது.

பதில்: ஸ்டிக்கரைப் பார்த்து எழுதியதற்கு நன்றி, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. வண்டிக்குள் ஏறும் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து அந்த எடையைத் தாண்டக்கூடாது என்பதே அதன் பொருள். 520 கிலோ என்றால் ஏறத்தாழ 1,150 இறாத்தல். நீங்கள் 180, மனைவி 145, அம்மா 130, பிள்ளைகள் மூவரும் சேர்ந்து 250 என்று வைத்தால் 705 இறாத்தல் ஆகிறது. மீதி 445.

ட்ரெயிலரின் முன்மூக்கு உங்கள் வண்டியின் கொக்கியில்தான் அமர்கிறது. டங் வெயிற் எனப்படும் இந்தப் பாரம், ட்ரெயிலரின் நிறை எடையில் (எல்லாம் ஏற்றியபின் உள்ள எடை) 10 முதல் 15 வீதம் வரை இருக்க வேண்டும். வண்டியைப் பொறுத்தவரை இதுவும் அது சுமக்கும் எடைதான். காஸ் சிலிண்டர், பற்றரி, படுக்கை, பாத்திரம், தண்ணீர் எல்லாம் ஏறியபின் உங்கள் ட்ரெயிலர் 3,500 இறாத்தலைத் தொட்டுவிடும், அதில் 12.5 வீதம் என்றால் 437 இறாத்தல். ஆக, வானுக்குள் இன்னும் 8 இறாத்தல்தான் வைக்கலாம். நம் வீட்டுப் பயணத்தில் 20 இறாத்தல் அரிசி மூட்டையும், இடியப்பச் சட்டியும், ஐஸ் பெட்டியும் இல்லாமல் யார் புறப்படுகிறார்கள்? கொக்கியின் இரும்பு எடையை நான் இன்னும் சேர்க்கவேயில்லை.

எனவே இந்த ட்ரெயிலரை வாங்க வேண்டாம். நிறைந்த நிலையில் 2,500 இறாத்தலுக்குள் அடங்கும் மடிப்புக் கூடார ட்ரெயிலர் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும்.

கேள்வி (மார்க்கம்): விற்பனைத் தாளில் உள்ள வெற்று எடையை எவ்வளவு நம்பலாம்?

பதில்: அது தொழிற்சாலையில் எதையும் ஏற்றாத நிலையில் உள்ள எடை. பல தாள்களில் பற்றரியும் காஸும் மேலதிகமாகப் பூட்டிய உபகரணங்களும்கூட அதில் அடங்குவதில்லை. தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 150 லீற்றர் தொட்டி நிறைந்தால் 150 கிலோ, அதாவது 330 இறாத்தல். ஆகவே பொருத்தம் பார்க்கும்போது வெற்று எடையை ஒதுக்கிவிட்டு, ட்ரெயிலரின் வெளிப்புறத்தில் இடப்பக்க முன்மூலையில் ஒட்டப்பட்டிருக்கும் மொத்த எடை வரம்பை வைத்தே கணக்குப் போடுங்கள்.

கேள்வி (பிரம்ப்டன்): என் பிக்கப் 11,000 இறாத்தல் இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நிறை எடை 8,000 இறாத்தல் உள்ள ட்ரெயிலரை எடுத்தால் தாராளமாக மீதி இருக்கும்தானே? கதவோரத்து எடை 1,400 இறாத்தல்.

பதில்: இல்லை, மீதி இருக்காது. 8,000 இறாத்தலில் 12.5 வீதம் 1,000. எடையைப் பகிரும் ஹிச் (மூக்கின் பாரத்தைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்கும் பரப்பும் கொக்கி) 80 இறாத்தலாவது இருக்கும். குடும்பத்தில் நால்வருக்கு 600 என்று வைத்தால் மொத்தம் 1,680 ஆகிறது. இழுவை வரம்புக்கு 3,000 இறாத்தல் கீழே நிற்கும் அதே வேளையில், சுமை வரம்பை 280 இறாத்தலால் தாண்டிவிட்டீர்கள்.

விளம்பர எண் பொய்யல்ல. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொது அளவுகோலின்படி அது பெறப்படுகிறது. அந்த அளவுகோல், அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் நீளமான ஏற்றத்தை, கோடை வெயிலில், குளிரூட்டி முழுவதும் ஓட, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக்காட்ட வேண்டும் என்று கேட்கிறது. கடுமையான சோதனைதான், ஆனால் வண்டிக்குள் தலைக்கு 150 இறாத்தல் வீதம் இருவர் மட்டுமே இருப்பதாக அது கணக்கிடுகிறது. அத்துடன் விளம்பரத்தில் வருவது அந்த ரகத்தில் மிகக் கூடுதலாக இழுக்கும் வண்டியின் எண். தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் பூட்டிய உங்கள் வண்டிக்கு, கதவோரத்தில் ஒட்டியிருப்பதுதான் சட்டம்.

கேள்வி (மிசிசாகா): பின் ஸ்பிரிங்கைப் பலமாக்கி, காற்றுப் பைகள் பூட்டினால் வரம்பு கூடுமா?

பதில்: கூடாது. வண்டியின் பின்பக்கம் பதியாமல் நிற்கும். அச்சு, பிறேக், சட்டகம், ரயர் எல்லாம் பழையவைதான்.

கேள்வி (ஏஜாக்ஸ்): கணக்கெல்லாம் சரியாக இருந்தும் நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் வாலை ஆட்டுகிறது. ஏன்?

பதில்: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடம், நான்கு சைக்கிள்களை ட்ரெயிலரின் பின்புறத் தாங்கியில் கட்டி, அச்சுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலை 400இல் வடக்கே போனேன். பரி நகரத்தைத் தாண்டியதும் பெரிய லொறி ஒன்று எங்களை முந்தியது. அதன் காற்று அடித்த கணத்தில் ட்ரெயிலர் இடமும் வலமும் வீசத் தொடங்கியது. ஸ்டியரிங் என் கையில் இருந்தும் வண்டி என் சொல் கேட்கவில்லை. பின்சீற்றில் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உறைந்துபோயிருந்தார்கள். மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் பாரம் முழுவதும் பின்னுக்குப் போனதால் மூக்கு இலேசாகிவிட்டது. பிறகு நிறுத்துப் பார்த்தபோது கொக்கியில் இறங்கியது 7 வீதம்தான்.

பாரமான பொருட்களை அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் வையுங்கள். பின் பம்பரில் எதையும் தொங்கவிடாதீர்கள். அப்படியும் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிறேக்கை மிதிக்கவும் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, பிறேக் கொன்ட்ரோலரில் (சாரதி அருகே இருந்து ட்ரெயிலரின் பிறேக்கை இயக்கும் கருவி) உள்ள கைப்பிடியால் ட்ரெயிலரின் பிறேக்கை மட்டும் பிடியுங்கள். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி (விற்பி): கொக்கியில் இறங்கும் பாரத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?

பதில்: சிறிய ட்ரெயிலருக்கு முடியும். குளியலறைத் தராசு ஒன்றும் உறுதியான பலகை ஒன்றும் போதும். பலகையின் ஒரு முனையைச் செங்கல் மீதும் மறு முனையைத் தராசின் மீதும் வைத்து, தாங்கும் இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் சரியாக 3 அடி இருக்குமாறு அமையுங்கள். பலகையின் எடையைக் கழிக்கத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ட்ரெயிலரின் சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, அதன் மூக்கைச் செங்கலிலிருந்து 1 அடி தூரத்தில் பலகை மீது இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை வந்துவிடும்.

பெரிய ட்ரெயிலர் என்றால், லொறிகள் நிற்கும் தரிப்பிடங்களில் உள்ள, கற் (CAT) எனப்படும் லொறித் தராசுகளில் நிறுங்கள். குடும்பமும் பொருட்களும் ஏறிய நிலையில், எடை பகிரும் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. ட்ரெயிலரை விட்டுவிட்டு வண்டியை மட்டும் இன்னொரு தடவை. வண்டியின் இரண்டு அச்சுகளில் கூடியிருக்கும் எடைதான் டங் வெயிற்.

கேள்வி (ரொறன்ரோ): சாதாரண ஜி அனுமதிப்பத்திரம் போதுமா?

பதில்: ஒன்ராறியோவில் ட்ரெயிலர் 4,600 கிலோவுக்குள்ளும், வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்து 11,000 கிலோவுக்குள்ளும் இருந்தால் போதும். ட்ரெயிலரின் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் அதற்குத் தனி பிறேக் கட்டாயம். உங்கள் வண்டியின் கையேடு இன்னும் குறைந்த எடையிலேயே பிறேக் வேண்டும் என்று சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ, முதலில் கேட்டவர்): அம்மாவை ட்ரெயிலர் கட்டிலில் படுக்க வைத்து வந்தால் வானில் 130 இறாத்தல் குறையுமே?

பதில்: ஓடும் ட்ரெயிலருக்குள் ஆட்களை ஏற்றுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து, அங்கே சீற் பெல்ட் இல்லை, நான் மேலே சொன்ன அந்த ஆட்டம் வந்தால் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. அம்மா வானிலேயே வரட்டும். அவருக்கு இடுப்பு வலித்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் சில்லுகளின் நட்டுகளையும் கொக்கியின் பூட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.