கல்யாணத்தில் பாடும் கேலிப் பாட்டுக்குச் சிலர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், சிலர் கோபித்துக்கொள்கிறார்களே, ஏன்?

உங்கள் வீட்டிலும் யாரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். பாடியது உங்கள் பெரியம்மாவோ பாட்டியோ என்றால், தயவுசெய்து அவரை மன்னிப்புக் கேட்க வைத்துவிடாதீர்கள்.

என் தங்கை கல்யாணத்தில் நலுங்கு வைக்கும்போது அத்தை பாடினார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. மெட்டு பழசு, வரிகள் அங்கேயே ஆளைப் பார்த்துக் கட்டியவை.

"சம்பந்தி வாராங்க சம்பந்தி வாராங்க
சட்டையில பொத்தானக் காணலையே
பந்திக்கு முந்துன வேகத்துல
பறந்தது எங்கேன்னு தெரியலையே"

மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று குனிந்து சட்டையைப் பார்த்தார். பொத்தான்கள் பத்திரமாகத்தான் இருந்தன. அவர் குனிந்ததைப் பார்த்துத்தான் மண்டபமே சிரித்தது, பாட்டுக்காகச் சிரித்தவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அவரும் சிரித்துவிட்டார். அவர் தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. "கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீங்களா?" என்று எழுந்தவர், சாப்பிடாமல் கிளம்புகிறேன் என்கிற வரைக்கும் போய்விட்டார்.

அவரை அடக்கியது மாப்பிள்ளையின் பாட்டி. "அவங்க பாடுனா நாம திருப்பிப் பாடணும்டா. அத விட்டுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டுற?" என்றவர், மருமகள்களைப் பார்த்து, "ஒருத்திக்கும் வாயில்லையா?" என்றார். ஆளுக்கு ஆள் சிரித்து மழுப்பினார்கள். சரி என்று பாட்டியே எடுத்துவிட்டார், பெண் வீட்டுச் சாம்பாரில் பருப்பு எடுக்க, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டி வேண்டும் என்று. குரல் நடுங்கியது, தாளம் தப்பவில்லை. அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே அடுத்த வரியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். தம்பிக்காரர் எப்போது உட்கார்ந்தார் என்றே யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கேலிப் பாட்டில் ஒரு வீட்டார் பாடுவது பாதிதான், மீதி எதிர் வீட்டாரின் எசப்பாட்டு. இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிப் பாடுகிற எங்கள் ஊர்ப்பக்கத்து லாவணியும் அப்படித்தான். மன்மதன் எரிந்தான் என்று எரிந்த கட்சி பாடும், எரியவில்லை என்று எரியாத கட்சி மடக்கும். ஒரு கட்சி வாயே திறக்காவிட்டால் அங்கே என்ன இருக்கிறது? கல்யாண வீட்டிலும் பதில் பாட ஒருத்தருக்கும் தெரியாதபோது கேலி வந்து விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. வாங்கிக்கொண்டவருக்குக் கோபத்தைத் தவிர கையில் வேறென்ன இருக்கிறது? 1985இல் வந்த 'ஆண்பாவம்' படத்தில் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி பாடியதை எல்லோரும் ரசித்தார்கள். திரையில் பாடுகிறவர் நம் சட்டைப் பொத்தானைப் பார்ப்பதில்லையே.

பழம்பெருமை பேசுகிறான் என்று யாராவது வருவார்கள், தெரியும். பழைய பாட்டெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. நிறத்தை, உடம்பை, சீர் குறைந்ததை வைத்துப் பாடினால் கோபம் வருவது நியாயம்தான். அத்தையே அந்த வரிகளை எடுக்க மாட்டார். பொத்தான், பருப்பு, தொப்பை வரைக்கும்தான் அவர் கணக்கு. தொப்பை மட்டும் உடம்பில் சேராதா என்று கேட்காதீர்கள், எங்கள் குடும்பத்தில் அது சொத்தில் சேரும்.

எனக்கு உண்மையான கோபம் வீடியோக்காரர்மேல்தான். நலுங்கு நடுவில் "அம்மா, கொஞ்சம் பாட்ட நிறுத்துங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் இந்தப் பக்கம் பாருங்க" என்று எத்தனை முறை! மேடையைச் சுற்றி விளக்கை நட்டு, உட்கார்ந்திருந்த கிழவிகள் யாருக்கும் எதுவும் தெரியாதபடி மறைத்தார். சரி, பாட்டாவது பதிவாகியிருக்கும் என்று பொறுத்துக்கொண்டோம். வீடியோ வந்தபோது அத்தையும் பாட்டியும் வாயசைக்கிறார்கள், பின்னால் ஏதோ சினிமாப் பாட்டு ஓடுகிறது. ஒரிஜினல் சத்தம் வேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் டெலிட் பண்ணிட்டோம் சார், ஒரே இரைச்சலா இருந்துச்சு" என்கிறார். மீதிப் பணத்தை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.