பசுமைக்குடில் ஸ்ட்ராபெரியில் பூஞ்சை நோய்கள்: கேள்வி பதில்

கேள்வி: பழம் சிவக்கும்போது காம்புப் பக்கம் பழுப்பாகி, மேலே சாம்பல் நிறப் பூசணம் படர்கிறது. காயில் மருந்து அடித்தும் நிற்கவில்லையே?

பதில்: இது பாட்ரைடிஸ் என்ற பூஞ்சையால் வரும் அழுகல். இன்று கண்ணில் படுகிறதே தவிர, தொற்று பெரும்பாலும் பூவிலேயே நுழைந்துவிட்டது. பூவிதழ், மகரந்தத்தாள் வழியாகப் புகுந்து, காயில் அடங்கிக் கிடந்து, இனிப்பு ஏறியதும் கிளம்பும். ஆகவே மருந்துக்கு நேரம் பூக்கும் பருவம். காய்ந்த இலை, வாடிய பூவிதழ்தான் இதன் விளைநிலம். வாரம் ஒருமுறை கிள்ளி, பையில் கட்டி வெளியேற்றுங்கள். செடி ஈரமாக இருக்கும்போது கைவைக்க வேண்டாம்.

கேள்வி: சொட்டுநீர்தான் விடுகிறோம். இலை எப்படி நனைகிறது?

பதில்: பனிநீர். வெயில் ஏறியதும் காற்று சட்டென்று சூடாகும், இலைகளும் நீராவி விடும். ஆனால் நீர் நிறைந்த பழம் குளிர்ந்தே இருக்கும். அதன் மேல் ஆவி படிந்துவிடும். 15 முதல் 25 டிகிரி வெப்பத்தில் இந்த ஈரம் சில மணி நேரம் நின்றாலே பாட்ரைடிஸுக்குப் போதும். மாலையில் குடிலை மூடும் முன் ஈரக்காற்றை வெளியேற்றுங்கள். குடிலில் சூடேற்றும் கருவி இருந்தால் விடியலுக்கு ஓரிரு மணி நேரம் முன்பே மெதுவாகச் சூட்டை ஏற்றி, காற்றுவழியைச் சிறிது திறந்து வையுங்கள். மூடிவைத்துச் சூடேற்றினால் ஈரம் உள்ளேயேதான் சுற்றும்.

கேள்வி: இலை ஓரம் மேல்நோக்கிச் சுருள்கிறது, அடியில் வெள்ளைத் தூள். இதுவும் அதேதானா?

பதில்: இல்லை, இது சாம்பல் நோய். பெயர்தான் குழப்புகிறது: முன்னதில் பூசணம் சாம்பல் நிறம், இதில் வெள்ளைத் தூள். இதற்கு இலை நனையவே வேண்டாம், ஈரக்காற்று போதும். உயிருள்ள திசுவில் மட்டுமே வளரும், இளந்தளிரை முதலில் பிடிக்கும், வித்துகள் காற்றில் பறக்கும். தூளைக் காணும்வரை காத்திருக்காமல், சுருளும் தளிரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நனையும் கந்தகம் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) தடுப்பாக நன்றாக வேலை செய்யும். 30 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும். எண்ணெய் தெளிப்புக்கும் கந்தகத்துக்கும் இரண்டு வார இடைவெளி வேண்டும்.

கேள்வி: ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிக்கலாமா?

பதில்: கூடாது. பாட்ரைடிஸ் வெகு சீக்கிரம் எதிர்ப்புத்திறன் பெறும். வணிகப் பெயரை மாற்றினால் போதாது, மருந்தின் செயல்படும் தொகுதியே, அதாவது பூஞ்சையை அது தாக்கும் விதமே, மாற வேண்டும்.

கேள்வி: பழத்தில் குழிந்த கரும்புள்ளி, சில செடிகள் திடீரென வாடுகின்றன.

பதில்: வாடிய செடியின் தண்டுக்கட்டையை நெடுக்காக வெட்டுங்கள். உள்ளே செம்பழுப்பாக இருந்தால் ஆந்த்ராக்னோஸ் என்ற இன்னொரு பூஞ்சை நோயைச் சந்தேகிக்கலாம், உறுதிசெய்ய ஆய்வகம்தான். பெரும்பாலும் நாற்றோடு வரும், நீர்த்துளி தெறித்துப் பரவும். மேலிருந்து நீர் தெளிப்பதை உடனே நிறுத்துங்கள். அந்தச் செடியின் ஓடுதண்டிலிருந்து நாற்று எடுக்காதீர்கள்.