மதுரையும் வறிதே

கேள்வி: வெளிநாட்டுப் பயண வழிகாட்டி நூல்கள் பர்மா என்றால் ரங்கூன், மாந்தலே, பகான், இன்லே ஏரி என்று நான்கைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. எங்கள் மோல்மீனுக்கு ஓரிரு பக்கம் கிடைத்தாலே அதிகம். தகுதியுள்ள ஊர்களை ஏன் விட்டுவிடுகிறார்கள்?
(மோல்மீன் வாசகர்)

பதில்: 'வழிகாட்டி' என்கிறீர்களே, அந்தச் சரக்கை நாம் அன்றைக்கே கடைவிரித்துவிட்டோம் ஐயா. ஆற்றுப்படை என்று பெயர். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற பாணனுக்கு வழி சொல்வான். சிறுபாணாற்றுப்படையைப் பிரித்துப் பாருங்கள். வஞ்சியும் வறிதே, மதுரையும் வறிதே, உறந்தையும் வறிதே என்று மூன்று தலைநகரங்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு அனுப்பிவைக்கிறது. ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும் என்பது வரை குறிப்பு உண்டு. மதுரைக்காரர்கள் அன்றைக்கே உங்களைப் போல ஒரு கடிதம் போட்டிருப்பார்கள். கிடங்கில், குறுநில மன்னன் நல்லியக்கோடனின் ஊர். அவன் சோறு போட்டான், பாணன் வழி சொன்னான். அவ்வளவுதான்.

இங்கே நடந்ததும் அதுதான். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சுற்றுலாக்காரருக்கு 24 மணி நேர விசா. 1970-இல் அது ஏழு நாளாயிற்று. ஏழு நாளில் மனுஷன் எங்கேதான் போவான்? நீங்கள் சொன்ன அந்த நான்கைத் தொட்டுவிட்டு ஓடினான். புத்தகக்காரன் அந்த ஓட்டத்தையே எழுதினான். படித்தவன் அங்கேயே வந்தான், விடுதி கட்டியவனும் அங்கேயே கட்டினான். விசா நீண்டுவிட்டது, புத்தகம் இன்னும் ஏழாம் நாளிலேயே நிற்கிறது. உங்கள் ஊருக்குத் தண்ணீரில் வேறு கண்டம். ரயில் அக்கரையில் மொட்டமாவோடு நின்றுவிட்டது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படகேறவேண்டியிருந்தது. தன்லுவின் ஆற்றுப் பாலம் வந்தது 2005-இல்.

ஆனால் உங்களை உண்மையில் கவிழ்த்தவர் ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங். 1889-இல் கப்பலில் வந்து மோல்மீனில் இறங்கினார். பகோடாப் படிக்கட்டின் அடியில் ஒரு பர்மியப் பெண்ணைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்ததாகக் கைப்பட எழுதியும் வைத்தார். அடுத்த ஆண்டு பாட்டு வந்தது. முதல் வரியில் மோல்மீன் பகோடா, தலைப்போ 'மாந்தலே'! அந்த ஊரில் அவர் கால் வைத்ததே இல்லை. பெண் உங்கள் ஊர், பெண் பார்த்த படிக்கட்டும் உங்கள் ஊர், கல்யாணப் பத்திரிகையில் மட்டும் மண்டபம் மாந்தலே என்று அடித்துவிட்டார். நூற்றுமுப்பது வருஷமாக மொய் முழுக்க அங்கேதான் விழுகிறது. நீங்கள் இங்கே பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

பக்கம் கிடைத்த ஊர்கள் மட்டும் முழுசாகவா பார்க்கப்படுகின்றன? பகானுக்குப் போய்வந்த நம்மவர்களிடம் அங்குள்ள மியின்கபா தமிழ்க் கல்வெட்டு பற்றிக் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் சேரநாட்டு மகோதயர்பட்டினத்து வணிகர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த சேதி அதில் இருக்கிறது. நம்மவர்களோ பலூனில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சென்னையிலிருந்து வருகிற விருந்தாளி இன்னும் ஒரு படி மேல். இறங்கியதும் 'அத்தோ எங்கே கிடைக்கும்?' என்கிறார். இங்கே அத்தோ என்றால் பிசைந்து தருகிற கலவை எல்லாமே அத்தோதான், நூறு வகை உண்டு, எதைக் காட்ட?

(பழைய பெயர்களை விடமாட்டாயா என்று மாதம் தவறாமல் எழுதும் பெரியவருக்கு: மாட்டேன். என் பாட்டி கப்பலிலிருந்து இறங்கியது ரங்கூனில், யாங்கோனில் இல்லை.)

ஆகவே, ஐயா, மோல்மீனுக்கு நீங்களே பாணனாகிவிடுங்கள். ஐந்து பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள், போடுகிறேன். காலையில் எந்தக் கடையில் மொய்ங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் சூடாக இருக்கும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். சன்மானம் கேட்காதீர்கள், நான் நல்லியக்கோடன் இல்லை.