வேட்டை ரைஃபிள் ஸ்டாக்குக்கு (தோள்ல வெச்சுப் பிடிக்கற பகுதிக்கு) கேமோ (இலை தழை மாதிரி மறைப்பு டிசைன்) நல்லதா, மர ஃபினிஷ் நல்லதா?

கேமோ இருந்தாதான் மான் கண்ணுல படாம இருக்கலாம்னு நெனச்சு கேக்குறீங்கன்னா, அதுக்காக மட்டும் கேமோ வாங்க வேணாம். மான் கண்ணுல நிறம் பாக்குற செல் ரெண்டு வகைதான், ஆரஞ்சும் சிவப்பும் நமக்குத் தெரியற மாதிரி அதுக்குப் பளிச்னு தெரியாது, ஆனா கை அசைஞ்சாலோ பளபளன்னு வெயில் பட்டு மின்னுனாலோ உடனே தலையைத் தூக்கிரும். அதனால கலரை விட மின்னாத மேட் ஃபினிஷா இருக்கான்னு பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னுற வார்னிஷ் அடிச்ச மரம்தான் இதுல மோசம்.

உண்மையான கேள்வி ஈரம்தான். வால்நட் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், காஞ்சா சுருங்கும், அப்போ ஸ்டாக் பேரலை (குண்டு வெளிய வர்ற குழாயை) ஒரு பக்கமா அழுத்த ஆரம்பிச்சா குண்டு விழற இடமே மாறிடும். லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) ஃபினிஷ் பாக்க அவ்வளவு அழகு, கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் தேச்சு சரி பண்ணிக்கலாம், ஆனா தண்ணியத் தடுக்கறதுல பாலியூரிதேன் பூச்சு கிட்ட நிக்காது. எதை அடிச்சாலும் பேரல் உக்கார்ற குழி உள்பக்கமும் பட் பேடுக்கு (தோள்ல படற மெத்தைக்கு) அடியிலயும் அடிங்க, நெறைய பேர் வெளிய மட்டும் பளிச்னு பண்ணிட்டு இதை விட்டுடுவாங்க.

கேமோ பெரும்பாலும் சிந்தெடிக் (பிளாஸ்டிக் மாதிரி) ஸ்டாக் மேல தண்ணியில முக்கி ஒட்டுற படலம்தான், உரசுனா உரியும். மழையிலயே சுத்துவீங்கன்னா சிந்தெடிக், மர லுக்கும் வேணும்னா லேமினேட் (மெல்லிசான மரத் தகடுகளை ஒட்டிச் செஞ்சது), எடை மட்டும் கொஞ்சம் கூடும்.