ஐரிஷ் குழந்தைப் பெயர்களுக்கு என்ன பொருள்?

ஐரிஷ் பெயர்களின் பொருள் என்ன, எழுதுவதும் சொல்வதும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

பல பெயர்கள் பழைய வீரக்கதைகளில் இருந்து வந்தவை. எனக்கு மிகவும் பிடித்தது உஷீன், அதாவது மான்குட்டி. வீரன் ஃபின்னின் மனைவியை மந்திரத்தால் மானாக மாற்றிவிடுகிறார்கள். அவள் பெற்ற பிள்ளைதான் உஷீன். பிறகு அவனைக் குதிரையில் ஏற்றி, முதுமையே இல்லாத நாட்டுக்கு அழைத்துப் போகிறவள் நீவ். அந்தப் பெயருக்கு ஒளி என்று பொருள். ஃபின் என்றால் வெண்மை, கியரான் கருநிறத்தான், ரோனான் குட்டி சீல், அதாவது கடல்நாய்.

சேர்ஷா மட்டும் வேறு ரகம். பொருள் விடுதலை. பழங்காலப் பெயரே அல்ல. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான போராட்டம் நடந்த 20-ஆம் நூற்றாண்டில்தான் பெண் குழந்தைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள்.

சரி, உச்சரிப்பு? ஐரிஷின் மரபான நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான். ஆங்கில ‘வி’ அதில் கிடையாது. ‘பி’ அல்லது ‘எம்’முக்குப் பின்னால் ‘எச்’ சேர்த்து அந்த ஒலியைக் காட்டுகிறார்கள். நீவ் என்ற பெயர் ‘எம்எச்’ என்று முடிவது அதனால்தான். பெயரை முடிவு செய்யும் முன் ஐரிஷ் பேசும் ஒருவர் சொல்லக் கேட்டுவிடுங்கள். அல்ஸ்டர், மன்ஸ்டர் என வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலி மாறும்.