தட்டுவதும் கேட்பதும்

கேள்வி: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி ஆறு மாதம் ஆகிறது. தட்டிக் கேட்க ஆளே இல்லையா?
— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: 'தட்டிக் கேட்க' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல். சந்தையில் பானை வாங்கும்போது என் அம்மா விரல் முட்டியால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்பார். 'டங்'கென்றால் வேக்காடு சரி. 'டொக்'கென்றால் எங்கோ கீறல். பானைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் கீழே வைத்துவிடுவார். தேங்காய்க்கும் அதே கைதான், பலாப்பழத்துக்கும் அதே கைதான். நாமோ தட்டிக் கேட்பதை அதட்டிக் கேட்பதாக மாற்றிவிட்டு, அதற்கொரு வாட்டசாட்டமான ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆள் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிப்பதும், வந்த மானியம் எதற்குச் செலவானது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை.

பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். அந்தக் குழுவின் கூட்ட நோட்டு அங்கேயே வந்தது. தக்காளி பறித்துக்கொண்டிருந்த அம்மா, பச்சைக் கறை படிந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "என்னம்மா எழுதியிருக்கு?" என்றேன். "தெரியலிங்க சார், டீச்சர் குடுத்தனுப்புனாங்க." அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு யார் கூட்டத்துக்கு வருவார்கள்? கூலி வேலை முடிந்து சாயங்காலம் வைக்கட்டும், நானும் வருகிறேன்.

சரி, தொட்டிக்கு வருவோம். கழுவுவது இருக்கட்டும், அதில் விழுவது எந்தத் தண்ணீர்? ஒகேனக்கல்லிலிருந்து வரும் காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? நம் தர்மபுரி மாவட்டத்தில் இதைக் கேட்காமல் விடவே கூடாது. பழுப்புக் கோடு விழுந்த பற்களோடு வாயைப் பொத்திச் சிரிக்கிற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டைப் போடுவது நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு. அது கண்ணுக்குத் தெரியாது, வாடையும் இல்லை; கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவே கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பளபளவென்று கழுவிய தொட்டியிலும் அது இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு நீங்களே போங்கள். எந்தக் குழாய் தொட்டியில் விழுகிறது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதவைத்து, அக்டோபர் 2 கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், பொன்னாடை. வருடக்கணக்காக இந்தப் பக்கத்தில் அதோடு சண்டை போடுகிறேன், விடப்போவதில்லை. வருகிற ஆண்டு விழாவில் பொன்னாடைக்கு எடுத்துவைக்கும் பணத்தில், அந்தத் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே தரும் சீட்டை நகலெடுத்து, பள்ளிச் சுவரில் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் உயரத்தில் ஒட்டுங்கள்.