லாக்ஹார்ட்டின் அடுப்பு (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதில், லாக்ஹார்ட் என்ற சின்ன ஊரின் க்ராய்ட்ஸ் மார்க்கெட் என்ற பார்பெக்யூ கடையைப் பற்றி ஒரு பத்தி வரும். இருட்டான நடை, தரையிலேயே எரியும் நெருப்பு, புகையேறிக் கறுத்த சுவர் என்று எழுதியிருந்தீர்கள். நான் இப்போது ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக்கில் வேலை செய்கிறேன். போன மாதம் மனைவியையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். பெயர்ப்பலகை சரியாக இருந்தது, கறியும் நன்றாக இருந்தது. ஆனால் கடை பெரிய கொட்டகை மாதிரி இருந்தது, நீங்கள் சொன்ன நடையைக் காணோம். பக்கத்து மேஜையில் இருந்தவர், "பழைய கடை ஊருக்குள் இருக்கிறது, அதற்கு இப்போது வேறு பெயர்" என்றார். பையன் தூங்கிவிட்டதால் திரும்பிவிட்டோம். நீங்கள் சாப்பிட்ட கடை எது? அப்புறம், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஊரின் கறிக்கடை மேல் உங்களுக்கு ஏன் இத்தனை பிரியம்?

ர.

அன்புள்ள ர.,

கடை இடம் மாறியதை அந்தப் பத்தியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். குழந்தையோடு அவ்வளவு தூரம் போய், தேடிப்போனது கிடைக்காமல் திரும்பியிருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது.

நான் சாப்பிட்டது ஊருக்குள் இருக்கும் பழைய கட்டடத்தில்தான். இன்று அதன் பெயர் ஸ்மிட்டீஸ் மார்க்கெட். 1997இல் நான் முதலில் போனபோது அதுதான் க்ராய்ட்ஸ். ஊர்க்காரர்கள் 'க்ரைட்ஸ்' என்பார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

1900இல் சார்லஸ் க்ரைட்ஸ் என்பவர் தொடங்கிய கறிக்கடை அது. முதலில் வெறும் கறியும் மளிகையும்தான். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறியவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் கறிக்கடை வைத்தார்கள், குளிர்பெட்டி இல்லாத காலம், விற்காத கறியை வைத்திருக்க முடியாது, அதனால் மீந்ததைப் புகையில் சுட்டார்கள், துண்டு துணுக்குகளைக் கொத்திக் குடலில் அடைத்து சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைச் சுடச்சுட வாங்கி, கறி மடித்த தாளையே விரித்துவைத்து, மளிகைப் பக்கமிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். தட்டும் கிடையாது, ஃபோர்க்கும் கிடையாது, தொட்டுக்கொள்ள சாஸும் கிடையாது. இந்த வழக்கமெல்லாம் அங்கிருந்து வந்ததுதான், இதில் ஸ்டைல் ஒன்றும் இல்லை.

1948இல் ஸ்மிட்டி என்று எல்லோரும் அழைத்த எட்கர் ஷ்மிட் கடையை வாங்கினார். 1990இல் அவர் இறந்தபோது தொழில் மகன்களிடம் இருந்தது, கட்டடம் மகளுக்குப் போனது. நம் ஊரில் கடைத்தெருவில் வளர்ந்த யாருக்கும் இதற்கு மேல் கதை சொல்ல வேண்டியதில்லை. வாடகைப் பேச்சு ஒத்துவரவில்லை. 1999இல் மகன் ரிக், பெயரை எடுத்துக்கொண்டு கொஞ்சம் வடக்கே பெரிய கட்டடம் கட்டிப் போனார். நீங்கள் பார்த்தது அதைத்தான். மகள் நீனா பழைய கட்டடத்தில் அப்பாவின் செல்லப்பெயரில் கடை திறந்தார்.

புதுக் கடைக்குப் போகும்போது ரிக்கும் அவர் ஆட்களும் ஒன்று செய்தார்கள். பழைய அடுப்பிலிருந்து எரியும் கங்குகளை ஒரு தகரத் தொட்டியில் அள்ளி, தெருவோடு இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பில் கொட்டினார்கள். அதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு எங்கள் ஆச்சிதான் நினைவுக்கு வந்தாள். தீப்பெட்டி இருந்தாலும் காலையில் பக்கத்து வீட்டில் அடுப்பு புகைந்தால், வரட்டியை உடைத்து எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் ஒரு கங்கு வைத்து, ஊதிக்கொண்டே வருவாள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி.

நான் அமெரிக்கா போன முதல் வருடம் முழுக்க அலுவலக மதிய உணவு எனக்கு ஒரு தண்டனை. ஃபோர்க்கில் சோறு நிற்காது. டப்பாவைத் திறந்தால் குழம்பு வாசம் எழுந்து யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று கூச்சம். பல நாள் காரில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டிருக்கிறேன். என் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார், ஓய்வு பெறும் வயது, ஜெர்மன் வழியில் வந்த டெக்சாஸ்காரர். ஒருநாள் காரில் நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை லாக்ஹார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், ஆஸ்டினிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர்.

தெருவின் வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் தெரியவில்லை. நீளமான நடை, சுவரோரம் பெஞ்சுகள். முன்பு அங்கே கத்திகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்களாம், வருகிறவர்கள் கறி அறுத்துக்கொள்ள. நடையின் கடைசியில் திரும்பும் இடத்தில் முழங்கால் வரை சூடு அடித்தது. குனிந்து பார்த்தால் நெருப்பு தரையில், என் செருப்புக்குப் பக்கத்தில் எரிகிறது. செங்கல்லால் கட்டிய நீண்ட அடுப்பு, மேலே கனத்த இரும்பு மூடி. நெருப்பு ஒரு முனைக்கு வெளியே, புகைபோக்கி மறுமுனையில். சூடும் புகையும் கறியைத் தாண்டித்தான் வெளியேற முடியும். எரிப்பது போஸ்ட் ஓக் என்ற ஒரே மரம். மாட்டின் நெஞ்சுப் பகுதி கடினமான கறி, அவசரப்படுத்தினால் ரப்பர்தான். மணிக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அதன் சவ்வெல்லாம் கரைந்து கறிக்குள்ளேயே இறங்கிவிடும். மசாலா என்று உப்பும் மிளகும்தான், காரத்துக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள்.

கட்டையில் வைத்து அறுத்தார்கள், எடை போட்டார்கள், தாளில் வைத்து மேலே வெள்ளை ரொட்டி நாலு துண்டு போட்டுக் கொடுத்தார்கள். நான் பழக்கத்தில் ஃபோர்க் எங்கே என்று தேடினேன். பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாசேஜை விரலால் பிய்த்தார். நெய் மாதிரி கொழுப்பு அவர் மணிக்கட்டு வரை வழிந்தது, அதை நக்கினார். கூடத்தில் அத்தனை பேரும் அப்படித்தான். தொப்பி போட்ட பண்ணைக்காரர்கள், ஞாயிறு உடுப்பு மாதிரி உடுத்தி வந்த கிழவிகள், குழந்தைகள், எல்லோரும் கையால். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரொட்டியைப் பிய்த்து, கறியைச் சேர்த்து, வெங்காயமும் ஹாலபீனோ மிளகாயும் வைத்து உருட்டி வாயில் போட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நாட்டில் பொது இடத்தில் நான் கூச்சமில்லாமல் கையால் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

சம்பந்தமில்லாத ஊர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

கங்கு போன இடம்தான் க்ரைட்ஸ் என்று அந்தக் குடும்பம் நினைத்ததை நான் முழு மனதோடு மதிக்கிறேன். அவர்களுடைய உழைப்பு அது, அவர்கள் எங்கே அடுப்பு மூட்டுகிறார்களோ அதுதான் அவர்கள் கடை. 2009இல் இரண்டு இடத்திலும் சாப்பிட்டேன். பன்றி விலாக்கறி புதுக் கடையில் இன்னும் நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். ஆனால் எனக்குப் பழைய கடை என்பது அந்தச் சுவர்தான். எத்தனையோ வருடப் புகை ஒரே சுவரில் ஏறி ஏறித் தார் பூசியது போல ஆகியிருக்கிறது, அதைத் தொட்டியில் அள்ளிக்கொண்டு போக முடியாது. அந்த முறை பெரியவர் இல்லை. முதல் முறை நாங்கள் உட்கார்ந்த மேஜையில் வேறொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அவர்கள் எழும்வரை நின்றிருந்து அங்கேயேதான் உட்கார்ந்தேன்.

மறுபடியும் போங்கள். மதியத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள், கறியும் தீராது, பையனும் தூங்கமாட்டான். நீதிமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருதான், காமர்ஸ் தெரு. அந்த வாசல் வழியாகப் போனால்தான் நடை வரும். திரும்பும் இடத்தில் மட்டும் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்புக்கு முன்னால் தடுப்பு எதுவும் கிடையாது.

அன்புடன்.